இசட் நகரமும் எட்டாம் மாதமும்

மே 19

இன்று ஜாக் ஃபாசெட்டின் பிறந்தநாள். 1925-ல் இதே தேதியில் அவனுக்கு 22 வயது. பிரேசிலின் மாட்டோ குரோசோவில், பக்கைரி மக்கள் இருக்கும் இடத்தில், 'இசட்' என்று தானே பெயர் வைத்த தொலைந்த நகரத்தைக் காட்டில் தேடிக் கிளம்பிய அப்பா பெர்சி ஃபாசெட்டோடும் பள்ளித் தோழன் ராலே ரிமெல்லோடும் தங்கியிருந்தான். இன்னும் பத்து நாளில் கடைசிக் கடிதம் போகப்போகிறது. அதற்குப் பிறகு மூன்று பேரும் திரும்பவில்லை.

அவர்களை வைத்து எழுதும் நாவலில் நான்காம் அத்தியாயம் தொடங்கிவிட்டேன். ஒருக்களித்துப் படுத்தே எழுத வேண்டியிருப்பதால் நோட்டு சரிப்படவில்லை, போனில்தான் தட்டுகிறேன். ஒரு பத்தி முடிவதற்குள் இடது கை மரத்துவிடுகிறது.

மே 21

காலையில் லேசாக ரத்தம் பட்டது. பழுப்பு நிறம், சிவப்பு இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். சிவப்பாக வந்தால் நேரம் பார்க்காமல் கிளம்பி வரச் சொன்னார். அம்மாவிடம் சொல்லவில்லை.

எழுதவில்லை.

மே 22

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பெர்சி ஃபாசெட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரை என்னால் விட முடியவில்லை. 1886-ல் பீரங்கிப்படை அதிகாரியாகி திருகோணமலைக்கு வந்தவர். இலங்கையில்தான் நீனாவைச் சந்தித்தார். 1901-ல் கல்யாணம். அங்கே இருந்தபோதே விடுப்பு கிடைத்தால் புதையல் தேடிக் காட்டுக்குள் போய்விடுவாராம். தென் அமெரிக்காவுக்குப் போனதால் பிடித்த பித்து இல்லை அது. கூடவே கொண்டுபோனது.

1906-ல் ராயல் ஜியோகிராஃபிகல் சொசைட்டி வழியாக பொலிவியாவின் எல்லையை அளக்கப் போனார். அப்போதிலிருந்து திரும்பத் திரும்பக் காடுதான். ரியோ டி ஜெனிரோவின் தேசிய நூலகத்தில் '512' என்று எண் போட்ட கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. தங்கம் தேடிப் போன ஒரு கூட்டம் பாயியாவின் உள்காட்டில் பாழடைந்த நகரம் ஒன்றைக் கண்டதாக 1753-ல் எழுதியது. வளைவு வாசல்கள், நடுச்சதுக்கத்தில் தூண் மேல் ஒரு சிலை, யாருக்கும் புரியாத எழுத்துகள். பூச்சி அரித்த சில தாள்கள், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு அவரால் எப்படிச் சும்மா இருந்திருக்க முடியும்? நானே படுத்த படுக்கையாக இருந்துகொண்டு அந்த வாசல் வழியாக எத்தனை தடவை உள்ளே போய்விட்டேன்.

அப்புறம் அந்தக் கருங்கல் பொம்மை. ரைடர் ஹாகார்ட் கொடுத்தது. சாகசக் கதை எழுதுகிற ஒருவர் கொடுத்த பொம்மையை ஆதாரமாக நம்பி, நில அளவையில் பெயர் எடுத்த ஒருவர் நகரம் தேடிக் கிளம்புகிறார். இதை நாவலில் கட்டாயம் வைப்பேன்.

மே 24

மதியத்திலிருந்து அசைவே இல்லை. மாதுளை ஜூஸ் குடித்த பிறகு ஒரு உதை, விலாவில். நல்ல உதை.

மே 25

ஸ்கேன். நஞ்சுக்கொடி இன்னும் கீழேதான். ஏறும் என்று இருந்தேன், ஏறவில்லை. கர்ப்பப்பை வாயை மூடிக்கொண்டு அப்படியே கிடக்கிறதாம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, எடையும் சரி. வயிற்றில் கருவியை வைத்ததும் இதயத்துடிப்பு அறை முழுக்கக் கேட்டது, தார் ரோட்டில் குதிரை ஓடுகிற மாதிரி. நர்ஸ் அதை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

ஆட்டோவில் வரும்போது வேகத்தடை ஒவ்வொன்றுக்கும் அம்மா 'மெதுவா, மெதுவா' என்று டிரைவரின் தோளைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

மே 26

என்ன எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். 1920-ல் ஃபாசெட் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டுத் திரும்பினார், அவருடைய குதிரை அங்கே செத்தது, அந்த இடத்துக்குச் 'செத்த குதிரை முகாம்' என்றே பெயர், கடைசிக் கடிதமும் அங்கிருந்துதான் என்று. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "வயித்துப் பிள்ளைக்காரி சொல்லுற பேரா இது? வேற பேரு வை."

வைக்க முடியாதும்மா, அது நிஜமான இடம் என்றேன். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் திருநீறு கொண்டுவந்து என் நெற்றியிலும் வயிற்றிலும் பூசினாள். எனக்கும் வேண்டும்போல்தான் இருந்தது.

மே 29

இதே தேதியில், 1925-ல். கூட வந்த இரண்டு பிரேசில்காரர்களையும் கடிதங்களோடு திருப்பி அனுப்பிவிட்டு மூன்று பேரும் முன்னால் போனார்கள். தோல்வி பற்றி நீ அஞ்ச வேண்டியதில்லை என்று நீனாவுக்கு எழுதிய வரி அந்தக் கடிதக் கட்டுக்குள்தான் இருந்தது. தன்னைத் தேடி ஆள் அனுப்ப வேண்டாம் என்றும் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

நீனாவின் கைக்கு அந்தக் கடிதம் வந்த நாளை எழுத உட்கார்ந்தேன். படுத்தேன் என்று சொல்ல வேண்டும். கடிதம் வந்து சேரும்போது அது பழசு. அவள் படிக்கிற நேரத்தில் அவர்கள் உயிரோடு இருந்தார்களோ இல்லையோ. காகிதம் மட்டும் தைரியமாகப் பேசுகிறது.

இவர் ராத்திரி பேசினார். லீவு கிடைக்கிற மாதிரி இருக்கிறதாம். 'மாதிரி' என்றால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார்.

ஜூன் 1

ராலேயின் கால்.

பூச்சிக்கடியில் வீங்கிப் புண்ணாகிவிட்டது. திரும்பிப் போய்விடு என்று ஃபாசெட்டே சொல்லிப் பார்த்தார். அவன் மாட்டேன் என்றுவிட்டான். நண்பனை விட்டு எப்படிப் போவான்? எல்லாரும் ஃபாசெட்டைப் பற்றி எழுதுகிறார்கள், ஜாக்கைப் பற்றியும் எழுதுகிறார்கள். வீங்கின காலோடு ஒருவன் பின்னாலேயே நடந்தானே, அவனை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது. அவனுக்கும் ஒரு அம்மா இருந்தாள். கணவனையும் மகனையும் தொலைத்த நீனாவை உலகமே அறியும். ராலேயின் அம்மாவிடம் யார் போய் என்ன சொன்னார்கள்?

ஐந்தாம் அத்தியாயம் முழுக்க ராலேக்கு. முடிவு செய்துவிட்டேன். என் நாவலில் வரும் தொல்லியல் குழு அந்தப் பாதையில் போகும்போது, குழுவில் இருக்கும் லூசியா அவனுடைய காலைப் பற்றித்தான் பேசுவாள்.

என் காலும் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. பிரஷர் நார்மல்.

ஜூன் 4

இன்று நிறைய எழுதினேன். வெயில் குறைவு, மின்சாரமும் போகவில்லை.

நாவலின் நடுவில் நகரம் வர வேண்டும். சாகச நாவல் என்றால் கொடியை விலக்கியதும் கல் வாசல் தெரிய வேண்டும், தெரிந்தே ஆக வேண்டும் என்று வாசகர்கள் காத்திருப்பார்கள். நான் கல் வாசல் வைக்கப்போவதில்லை. மேல் ஷிங்குவில், அதாவது ஷிங்கு ஆற்றின் மேல்பகுதியில், கட்டுகிற கல் கிடையாது. அங்கே ஊர்கள் இருந்தன, பெரிய ஊர்கள். மண்ணாலும் மரத்தாலும் ஓலையாலும் கட்டினவை. மனிதர்கள் போனதும் மரம் மக்கிவிட்டது, காடு மூடிவிட்டது. மிச்சம் இருப்பது அகழிகள், மேடுகள், பாதைகள். ஃபாசெட் கல்லைத் தேடிக்கொண்டு அந்த வட்டாரத்திலேயேதான் நடந்தார்.

மைக்கேல் ஹெக்கன்பெர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் குயிகுரோ மக்களின் ஊருக்குப் போய்த் தங்கினார். பழைய அகழிகளை அவருக்குக் காட்டியது அந்த ஊர்க்காரர்கள். 2003-லும் 2008-லும் 'சயன்ஸ்' இதழில் கட்டுரைகள் வந்தபோது தலைவர் அஃபுகாகா குயிகுரோவின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருந்தது. நான் இந்த நாவலை எழுத அந்த ஒரு பெயரே காரணம். சில இடங்களில் 50 மீட்டர் அகலத்துக்குச் சாலை. ஊரைச் சுற்றி 5 மீட்டர் வரை ஆழமான அகழி. நடுவில் வட்டமான மைதானம், அதிலிருந்து கோடு கிழித்தாற்போல் நேராகக் கிளம்பும் பாதைகள், கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் 50,000 பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். குயிகுகு என்று அந்தப் பழைய ஊருக்குப் பெயர். குயிகுரோ மக்கள் இன்றைக்கும் அதே வட்ட மைதானத்தைச் சுற்றித்தான் வீடு கட்டுகிறார்கள்.

அப்புறம் அந்தக் கறுப்பு மண். அமேசானில் செம்மண்தான் எங்கும். மழை சத்தையெல்லாம் அலசிக்கொண்டு போய்விடும். ஆனால் பழைய ஊர் இருந்த இடத்தில் மட்டும் மண் கறுத்துக் கொழுத்துக் கிடக்கும். கரி, மீன்முள், பானை ஓடு, சமையல் கழிவு, எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து மண்ணையே மாற்றிவிட்டது. லூசியா முதலில் காண்பது அதைத்தான். மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்குகிற ஒரு பெண்ணின் கால்விரல் இடுக்கில் அந்தக் கறுப்பு. கிழங்கின் வேரோடு நகம் அளவு ஒரு ஓட்டுச்சில், ஓரத்தில் இரண்டு கீறல். அந்தப் பெண் அதைத் தட்டி உதறிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறாள். அவளுக்கு அது அவள் பாட்டியின் தோட்டம். லூசியா அந்த இடத்தில் நின்றுவிடுகிறாள்.

இந்தக் காட்சியை எழுதும்போது பிள்ளை ஓயாமல் புரண்டுகொண்டே இருந்தது.

ஜூன் 5

கை வலி. இன்று போனைத் தொடுவதாக இல்லை.

ஜூன் 8

1954. இந்த ஆண்டை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். 1954-ல் நீனா இறந்தாள். 29 வருஷம் காத்திருந்து இறந்தாள். 1951-ல் ஒர்லாண்டோ வில்லாஸ் போவாஸ் என்ற பிரேசில்காரர் ஃபாசெட்டுடையவை என்று கொண்டுவந்த எலும்புகளை லண்டனில் பரிசோதித்துவிட்டு இவை ஃபாசெட்டுடையவை அல்ல என்றார்கள். பிடித்து அழ ஒரு எலும்புகூட இல்லை.

அதே 1954-ல் மேல் ஷிங்குவில் தட்டம்மை பரவியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஏற்கெனவே சில நூறு பேராகக் குறைந்துபோன மக்கள். 50,000 பேர் வாழ்ந்த நாட்டை வெளியிலிருந்து வந்த நோய்கள் காலி செய்தன. காலியான பிறகு வந்து பார்த்தவர்கள், இங்கே எப்போதும் காடுதான், நகரம் கட்டுகிற மக்கள் இவர்கள் இல்லை என்று எழுதிவைத்தார்கள். ஃபாசெட்டும் அப்படித்தான் நம்பினார். இசட் நகரத்தைக் கட்டினவர்கள் வேறு யாரோ, வெள்ளைத்தோல்காரர்களாகக்கூட இருக்கலாம் என்று. அவருக்குச் சோறு போட்டவர்களின் முன்னோர் கட்டின நகரம் அது. இதை நான் மன்னிக்கவில்லை. அவரை விடவும் முடியவில்லை.

நீனாவுக்காகவும் அந்த நூறு பேருக்காகவும் ஒரே அத்தியாயம். இரண்டு பக்கத்துச் சாவையும் ஒன்றாக வைக்க வேண்டும். முடியுமா என்று பார்க்கிறேன்.

அத்தை போன் செய்தார்கள். வளைகாப்பு வைக்க முடியாமல் போச்சே என்று வருத்தப்பட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஜமாய்ச்சிடலாம் அத்தை என்றேன்.

ஜூன் 11

சிவப்பு. விடியற்காலை மூன்று மணி. தம்பி கார் ஓட்டினான். சேர்த்துவிட்டார்கள்.

நுரையீரல் முதிர ஊசி, இடுப்பில். நாளைக்கு இன்னொன்று. அம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், கையில் என் செருப்பு.

ஜூன் 12

நின்றுவிட்டது. இன்னும் இங்கேதான் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பெண், முதல் பிள்ளை, ராத்திரி முழுக்க வலி. நான் கையைப் பிடித்துக்கொண்டேன். நாவல் ஞாபகமே வரவில்லை.

ஜூன் 13

மேல் ஷிங்குவின் கலபாலோ மக்கள் தலைமுறையாகச் சொல்லி வருவது: மூன்று வெள்ளைக்காரர்கள் எங்களோடு தங்கினார்கள், கிழக்கே போகாதீர்கள் என்றோம், கேட்கவில்லை, போனார்கள். சாயங்காலமானால் தூரத்துக் காட்டுக்கு மேலே அவர்கள் மூட்டிய நெருப்பின் புகை தெரிந்தது. ஐந்து நாள் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

எத்தனை பேர் தேடிக்கொண்டு போனார்கள், பார்த்தேன் என்று எத்தனை பேர் சத்தியம் செய்தார்கள். இதற்குமேல் நம்பும்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. கலபாலோ பெண்கள் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். தெரியாத மனிதர்கள்தானே என்று விட்டுவிடாமல் நாள்தோறும் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஐந்து என்று சொல்ல முடிகிறது. நாவலில் இந்த இடத்தில் நான் எதையும் சேர்க்கப்போவதில்லை. அவர்கள் சொன்னபடியே.

ஜூன் 15

லீவு கிடைத்துவிட்டது! நாளை மறுநாள் காலை வந்துவிடுவார்.

சந்தோஷத்தில் பொலிவியா அத்தியாயத்துக்குக் குறிப்பு எடுத்தேன். 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. வானிலிருந்து லேசர் கதிரை அனுப்பி, மரங்களைத் தாண்டித் தரையை அளந்திருக்கிறார்கள். காசராபே மக்கள் கி.பி. 500-க்கும் 1400-க்கும் இடையில் கட்டியவை: 22 மீட்டர் உயர மண் பிரமிடு, கால்வாய், ஊருக்கு ஊர் நேர்ச்சாலை. ஃபாசெட் எல்லை அளந்த நாடு. லூசியாவின் குழுவில் இளைஞன் ஒருவன் கணினித் திரையில் இதைப் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதிப்பான். குதிக்கட்டும். எனக்கும் குதிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் இந்தத் திரையை முதலில் யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று லூசியா கேட்கிறாள். அங்கிருந்து சண்டை ஆரம்பம்.

ஜூன் 17

ஆபரேஷன் நாளைக்கே என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இனியும் தள்ளிப்போட வேண்டாமாம். ரத்தம் தயாராக இருக்க வேண்டும். என்னுடையது ஓ நெகட்டிவ், தம்பி அலைந்து இரண்டு பேரைப் பிடித்திருக்கிறான். இவர் வந்துவிட்டார், கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கிறார்.

மறப்பதற்குள்: ஒன்பதாம் அத்தியாயத்தில் லூசியா வரைபடத்தைக் கிழிக்கக் கூடாது. அது சினிமாத்தனம். தலைவரின் மைதானத்தில் விரித்து வைத்து, இதில் எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று ஊர்ப் பெண்களைக் கேட்க வேண்டும். கிழங்கு பிடுங்கின அதே பெண் பதில் சொல்வாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அதை இப்போதே எழுதிவிட வேண்டும், ஆனால் பிரஷர் பார்க்க வந்துவி