கே.எல். ஈரத்தில் ஸ்கீ எட்ஜ்: துரு இல்லாமல் திறந்த ஜோடி

ஏப்ரல் மழை, நவம்பர் மழை இரண்டையும் தாண்டி, என் ஸ்கீ ஜோடியின் (பனிச்சறுக்குக் கட்டைகளின்) மேல் துருப்பிடிக்காமலிருக்கப் பூசி வைத்த சேமிப்பு மெழுகைச் சுரண்டித் திறந்தாயிற்று. முனையிலிருந்து வால் வரை எட்ஜில், அதாவது அடிப்புறத்தின் இரு ஓரங்களிலும் ஓடும் எஃகு விளிம்பில், ஒரு செம்புள்ளிகூட இல்லை. கோலாலம்பூரில் (கே.எல்.) ஸ்கீ வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆஸ்திரியாக்காரர் கோடையில் கேரேஜ் மூலையில் சாத்தி வைத்தாலே போதும்; நமக்கு அப்படி இல்லை. டிசம்பர் நடுவில் ஜப்பானின் பனிச்சறுக்கு ஊரான நொசாவா ஒன்சென் போய் மார்ச் வரை தங்கும் திட்டம். மலேசியக் கடப்பிதழுக்கு ஜப்பானில் விசா இல்லாமல் கிடைக்கும் 90 நாளுக்குள் சீசனின் நல்ல பகுதி அடங்கிவிடும். அதனால் சாமான்களை இப்போதே ஒவ்வொன்றாகத் தயார் செய்கிறேன்.

முதலில் துரு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏர்கோன் (ஏசி) அறையில் வைத்தால் பாதுகாப்பு என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறார்கள். கெடுவதே அங்கேதான். வெளியே 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் என்றால், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றிலுள்ள நீர் படியும். இரவெல்லாம் 22 டிகிரியில் குளிர்ந்த எட்ஜ், காலையில் ஏர்கோனை அணைத்து ஜன்னலைத் திறந்ததும் தே ஐஸ் கிளாஸ் மாதிரி வியர்க்கும். தினமும் ஒரு தடவை, மாதக்கணக்கில். எப்போதும் ஏர்கோன் ஓடும் அறை நல்லது. ஏர்கோனே இல்லாத, காற்றோட்டமுள்ள ஸ்டோர் ரூமும் பரவாயில்லை. ஓடி ஓடி நிற்கும் படுக்கையறைதான் மோசம். குளிர்ந்த அறையிலிருந்து ஸ்கீயை வெளியே எடுக்க வேண்டுமென்றால், உள்ளேயே பையில் போட்டு மூடிவிட்டு எடுங்கள். ஸ்கீ வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் செய்வதும் இதுதான்.

மெழுகுக்கு முந்தைய வேலை உங்களுக்குத் தெரிந்ததே: கழுவி, துடைத்து, கம்மி ஸ்டோனால் (ரப்பர் போன்ற தேய்ப்புக் கல்) பழைய துருவை எடுத்து, 400 கிரிட் டயமண்ட் கல்லால் பிசிறு நீக்கினால் போதும். சேமிப்புக்கு முன் கூர் தீட்ட வேண்டாம். பேஸை, அதாவது பனியில் வழுக்கும் பிளாஸ்டிக் அடிப்புறத்தை, சுத்தம் செய்ய நான் கிளீனர் தொடுவதில்லை. மென்மையான மெழுகை உருக்கி, சூடு ஆறுவதற்குள் சுரண்டினால் அழுக்கு அதோடு வந்துவிடும். மெழுகு சாம்பல் நிறமாக வருவது நிற்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது மெழுகை உருக்கிப் பூசும் அயர்ன். துணி தேய்க்கும் அயர்னை வைத்துச் சமாளிக்கலாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. தட்டு மெலிசு, தெர்மோஸ்டாட் முரடு. ஒரே எண்ணில் வைத்தாலும் சூடு 20, 30 டிகிரி ஏறி இறங்கும். பேஸ் பாலிஎத்திலீன் 135 டிகிரிப் பக்கத்தில் உருகிவிடும். மென்மையான சேமிப்பு மெழுகுக்கு 110 முதல் 120 டிகிரி போதும். இந்த இடைவெளி சிறியது, அதனால்தான் தடித்த தட்டுள்ள ஸ்கீ அயர்ன் வேண்டும் என்கிறேன்.

அதன் டயலையும் அப்படியே நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். இன்ஃப்ராரெட் வெப்பமானித் துப்பாக்கியால் பளபளப்பான அலுமினியத் தட்டை அளந்தால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிர்வீசும். அந்த எண்ணை நம்பி டயலை ஏற்றினால் பேஸ் கருகும். தட்டில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் அளக்கலாம். மல்டிமீட்டரோடு சூட்டை உணரும் கே-வகை தெர்மோகப்பிள் கம்பியைத் தட்டில் அழுத்தி அளப்பது இன்னும் நல்லது. புடுவில் ஜாலான் பாசார் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டும் கிடைக்கும். அளவு கருவி எதுவும் இல்லையென்றால், மெழுகு புகைந்தால் சூடு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அயர்னுக்குப் பின்னால் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் வரை மெழுகு ஈரமாகத் தெரிந்தால் வேகம் சரி. ஸ்கீயின் மேல்புறத்தில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இனி நான் ரொம்ப நேரம் செலவழித்த இடம். ஸ்கீயைக் கவிழ்த்து வைத்து எவ்வளவு மெழுகு ஊற்றினாலும், அது பேஸையும் எட்ஜின் மேல் முகத்தையும்தான் மூடும். பக்கவாட்டு முகத்தில் வழிந்து ஒட்டியது போலத் தெரியும், ஆனால் ஒட்டியிருக்காது. எஃகு சூட்டை வேகமாக உறிஞ்சுவதால் மெழுகு எட்ஜைத் தொட்டவுடனே உறைகிறது. உறையும்போது சுருங்கி, மயிரிழை அளவு விலகுகிறது. அந்த இடுக்கில் ஈரம் புகுந்தால் வெளியே வராது. மேலே வெள்ளையாக மெழுகு, உள்ளே கோடு போட்ட மாதிரி துரு. பலருடைய ஸ்கீயில் பக்கவாட்டில் மட்டும் துரு வருவதற்குக் காரணம் இதுதான்.

வழி இருக்கிறது. ஏர்கோன், மின்விசிறி இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஸ்கீயைப் பக்கவாட்டில் நிறுத்தி, எட்ஜ் மேலே பார்க்கும்படி வைஸில் (பிடிகருவியில்) பிடியுங்கள். ஹேர் டிரையரால் ஒரு முழம் நீளம் சூடாக்குங்கள். விரல் வைத்தால் சுட வேண்டும், ஆனால் பொறுக்க முடிய வேண்டும். அந்தச் சூட்டிலேயே மெழுகுக் கட்டியை எட்ஜில் அழுத்தித் தேய்த்தால் உருகி மெல்லிய படலமாகப் பிடிக்கும். அடுத்த முழம், அடுத்த முழம் என்று கடைசி வரை போக வேண்டும். அதன்பிறகு ஸ்கீயைக் கவிழ்த்து வழக்கமான மெழுகை ஊற்றி, எட்ஜுக்கு வெளியே வழியும்படி அயர்னை ஓட்டுங்கள். இரண்டு அடுக்கும் உருகி ஒன்றாகும். வழக்கமான பூச்சைவிட இரண்டு மூன்று மடங்கு மெழுகு போகும். ஒரு ஜோடிக்கு 30 கிராமுக்குக் குறையாமல் எடுத்து வையுங்கள். சரியாக ஒட்டியதா என்று பார்க்க, ஆறிய பிறகு டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். விலகிய இடம் வெளிறிய கோடாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடாக்கினால் போதும்.

பழைய ஃபுளோரின் மெழுகுக் கட்டிகள் மலிவாக வருகின்றன என்று வாங்காதீர்கள். 2023-24 பருவம் முதல் பன்னாட்டுப் போட்டிகளிலேயே அவற்றுக்குத் தடை. மூடிய அறையில் அயர்ன் வைத்து அந்தப் புகையை மூச்சில் இழுப்பது வேறு.

சுற்றி வைப்பதற்கு, இயந்திர உதிரிபாகம் விற்கிறவர்கள் பொட்டலம் கட்டும் விசிஐ தாள் அருமையானது. எஃகைத் துருவிலிருந்து காக்கும் ஆவி அதில் ஊறியிருக்கும். ஷா ஆலம், கிள்ளான் பக்கத் தொழிற்பேட்டைகளில் கேட்டுப் பார்க்கலாம். அதோடு சிலிக்கா ஜெல் போதும். அலமாரிகளில் வைக்கிற, தண்ணீர் சேரும் ஈர உறிஞ்சிப் பெட்டியை ஸ்கீக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். அதில் சேர்வது கால்சியம் குளோரைடு கரைசல். கவிழ்ந்து எட்ஜில் பட்டால் மழைநீரைவிட மோசமாக அரிக்கும். பயணப் பையிலேயே ஸ்கீயை விட்டுவைப்பதும் கூடாது, அதன் துணி ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும்.

கூர் தீட்டுவதை நொசாவா போய்த்தான் செய்யப் போகிறேன். எட்ஜின் சாய்வு பக்கவாட்டில் 2 டிகிரி, பேஸில் 1 டிகிரி. இங்கேயே தீட்டினால், விமானத்தின் சரக்கறைக் குளிரும் இறங்கும் இடத்து ஈரமும் புதுக் கூரின் மேல்தான் விழும். இன்னொன்று அயர்ன் பற்றி: நம் 230 வோல்ட் அயர்னை ஜப்பானின் 100 வோல்டில் செருகினால் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்கூட வராது. 850 வாட் அயர்ன் 160 வாட்டாகிவிடும், மெழுகு உருகாது. அங்கே வாங்கிய 100 வோல்ட் அயர்னை இங்கே செருகினால் எரிந்தே போகும். ஆகவே அங்கே போய் ஒரு மலிவான ஜப்பான் அயர்ன், அல்லது தங்கும் விடுதியில் இருப்பதைக் கேட்டு வாங்குவது. மெழுகுக் கட்டியைப் பெட்டியில் கொண்டுபோகலாம். பேஸ் கிளீனர் தீப்பற்றும் திரவம், விமானத்தில் ஏற்றக் கூடாது. ஜனவரிக் குளிருக்கு நீல மெழுகும் சிவப்பும், மார்ச் ஈரப் பனிக்கு மஞ்சளும் எடுத்து வைத்திருக்கிறேன். நீல மெழுகைச் சுரண்டுவது கே.எல். வெயிலில் ரொம்பச் சுலபம், அங்கே குளிரில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதனால் முதல் நீலப் பூச்சை இங்கேயே முடித்துவிடுவேன்.

நொசாவாவில் கிராமத்தார் பராமரிக்கும் 13 பொதுக் குளியலறைகள் உண்டு. கந்தக நீர், வெள்ளிக் காப்பு, மெட்டி போட்டுக்கொண்டு இறங்கினால் கறுத்துவிடும், கழற்றி வையுங்கள்.

கால் பயிற்சிக்குப் பத்துமலையின் 272 படிகளே போதும், விடியற்காலையில் பக்தர்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில். பினாங்கு நண்பர்களுக்குத் தண்ணீர்மலைக் கோயில் படிகள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வேண்டும்: தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவது இறங்கும்போதுதான், சரிவில் நடப்பதும் அதுவே. மெதுவாக, முழங்காலைப் பூட்டாமல், ஒவ்வொரு படியும்.

ஸ்கீ பூட் வேலை பாதியில் நிற்கிறது. பூட்டின் பாலியூரித்தேன் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) ஓடு ஈரத்தாலும் சூட்டாலும் உள்ளிருந்தே சிதையும். வெளியே புதிது போலத் தெரிந்தாலும் வளைக்கும்போது உடையும். உள்ளே இருக்கும் மெத்தை போன்ற லைனரை வெளியே எடுத்து, ஓட்டின் கணுக்கால் வளைவையும் பக்கிள் ஆணிகளைச் சுற்றியும் வெள்ளைக் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடது பூட் சுத்தம். வலதில் மூன்றாவது பக்கிள் ஆணிக்கு அருகே மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. நகத்தால் தடவினால் சிக்குகிறது. அது மேல்கீறலா, ஓட்டுக்குள் ஆழமாகப் போயிருக்கிறதா என்று உறுதியான பிறகே, பூட்டை ஸ்கீயோடு பிடிக்கும் பைண்டிங் பக்கம் போவேன். பூட் மாறினால் அடிநீளம் மாறும், பைண்டிங்கை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டிவரும், அந்த வேலையை அங்கேயுள்ள கடையில் சோதனைக் கருவியோடு செய்வதே முறை.