அட்மிஷன் வந்தாச்சு, ஸ்காலர்ஷிப் எங்கே?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில் பிப்ரவரி, மார்ச் முழுக்க ஒரே பேச்சுதான். அட்மிஷன் லெட்டர் வந்துவிட்டது, ஆனால் மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது வருமானத்தைப் பார்க்காமல் திறமைக்காகத் தரும் உதவித்தொகை பற்றி ஒரு வரிகூட இல்லை. சிறந்த மாணவர்களுக்கான தனிப் படிப்புத் திட்டமான ஹானர்ஸ் ப்ரோகிராம் பற்றியும் சத்தமே இல்லை. தினமும் கல்லூரியின் விண்ணப்ப இணையப் பக்கமான போர்ட்டலைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக நாள் போகிறது. இந்தக் காத்திருப்பில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்பதுதான் என் கருத்து. ஒவ்வொரு கல்லூரியும் பணத்தை எந்த வழியில் கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்குக் காத்திருக்கலாம், எதை அப்போதே விட்டுவிடலாம் என்று பிடிபட்டுவிடும்.

ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் மெரிட் ஸ்காலர்ஷிப் தருவதில்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். அலபாமா பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறு: ஜிபிஏ (பொதுவாக நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்), எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண் இரண்டுக்கும் ஏற்ற தொகையை இணையதளத்தில் அட்டவணையாகவே போட்டிருக்கிறார்கள். அட்டவணையில் இருக்கும் தொகை போர்ட்டலில் வரவில்லை என்றால் மதிப்பெண் அறிக்கை போய்ச் சேராமல் இருக்கலாம். பொறுமையாக இருக்க வேண்டிய இடம் இல்லை இது, உடனே கேட்க வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வாண்டர்பில்ட்டின் பெரிய மெரிட் ஸ்காலர்ஷிப்புகளுக்குத் தனி விண்ணப்பம் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜெஃபர்சன் ஸ்காலர்ஷிப்புக்குப் பள்ளியே பரிந்துரைக்க வேண்டும். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடப்பிரிவுகளில் மெரிட் பரிசீலனைக்கு நவம்பர் 1-க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டவர்களுக்கு மார்ச்சில் எந்தக் கடிதமும் வரப்போவதில்லை. தேதிக்குள் போட்டவர்கள் கவனிக்க வேண்டியது நேர்காணல் அழைப்பை. பெரிய ஸ்காலர்ஷிப்புகளுக்கான நேர்காணல்கள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். மற்றவர்களுக்கு அழைப்பு போய், உங்கள் பிள்ளைக்கு வரவில்லை என்றால் அந்த ஸ்காலர்ஷிப் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய தொகைகள் அதற்குப் பிறகும் வரலாம்.

போர்ட்டலைப் பார்க்கும்போது முகப்பில் இருக்கும் வாழ்த்துச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள். நிதியுதவிக்கான பக்கம் தனியாக இருக்கும். அங்கேதான் சத்தமில்லாமல் ஒரு கோரிக்கை உட்கார்ந்திருக்கும்: பள்ளி அனுப்ப வேண்டிய அரையாண்டு மதிப்பெண் அறிக்கை (மிட்-இயர் ரிப்போர்ட்) வரவில்லை, சில கல்லூரிகள் கேட்கும் நிதி விவரப் படிவமான சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் பாதியில் நிற்கிறது, ஃபெடரல் அரசின் நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சாவில் ஒரு கையெழுத்து பாக்கி. மெரிட்டுக்கும் ஃபாஃப்சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் மெரிட் தொகையை இறுதி செய்வதற்கு முன் ஃபாஃப்சாவைக் கேட்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபெடரல் உதவி கிடையாது. கல்லூரி தன் சொந்தப் பணத்தில் தரும் மெரிட் அப்படியல்ல, அதற்கான தகுதியைக் கல்லூரிதான் முடிவு செய்கிறது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்பதைப் பிள்ளையே கேட்கட்டும், அப்பா அம்மா வேண்டாம். மின்னஞ்சல் நான்கு வரி போதும்: பெயர், விண்ணப்ப எண், எந்த ஸ்காலர்ஷிப், பிறகு இரண்டு கேள்விகள். "முடிவுகள் எல்லாம் அனுப்பியாகிவிட்டதா? யாராவது வேண்டாம் என்று சொன்னால் அந்த இடத்தை வேறொருவருக்குத் தருவீர்களா?" இந்த இரண்டாவது கேள்வி முக்கியம். சில கல்லூரிகள் ஏப்ரலில் அடுத்த சுற்று தருகின்றன, சில தருவதில்லை.

ஹானர்ஸ் விஷயத்திலும் வழிகள் வேறு வேறு. பென் ஸ்டேட்டின் ஷ்ரையர் ஹானர்ஸுக்குத் தனி விண்ணப்பம். வேறு சில இடங்களில் அட்மிஷன் விண்ணப்பத்தை வைத்தே அழைத்துவிடுவார்கள். ஹானர்ஸ் கிடைத்தால் பணமும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அரிசோனா ஸ்டேட்டின் பாரெட்டில் ஹானர்ஸுக்கென்று தனிக் கட்டணமே இருக்கிறது. பாட வகுப்புகளுக்கு முன்னதாகப் பதிவு செய்யும் உரிமை உண்டா, ஆய்வேடு கட்டாயமா, முதல் வருடம் முடிந்தபின் சேர முடியுமா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் இப்போது கிடைக்காததற்குப் பெரிதாக வருந்த வேண்டியதில்லை.

காத்திருக்கும் நாட்களில் உட்கார்ந்து செய்ய வேண்டியது கணக்கு. ஒரு கல்லூரியில் வருடச் செலவு 68,000 டாலர், ஸ்காலர்ஷிப் வருடம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 43,000, நான்கு வருடத்துக்கு 1,72,000 என்று போட்டுவிடுகிறோம். செலவு வருடம் 4 சதவீதம் ஏறினால் நான்கு வருட மொத்தம் சுமார் 2,88,760. ஸ்காலர்ஷிப் 25,000-லேயே நிற்பதால் கையிலிருந்து போவது 1,88,760. கிட்டத்தட்ட 17,000 டாலர் கணக்கில் வராமல் இருந்தது. ஆகவே கடிதத்தில் இருப்பது நிலையான தொகையா, ட்யூஷனில் இத்தனை சதவீதமா என்று பாருங்கள்.

அடுத்து, ஸ்காலர்ஷிப் வருடா வருடம் தொடர்வதற்கான நிபந்தனை. 3.0 ஜிபிஏ என்பதற்கும் 3.5 என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் இன்ஜினியரிங் முதல் வருடத்தில். கால்குலஸ், கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் மூன்றும் ஒன்றாக வரும்போது பள்ளியில் நான்குக்குக் குறையாத பிள்ளைகூட 3.3-ல் நிற்கும். ஜிபிஏவை செமஸ்டர் தோறும் பார்க்கிறார்களா, வருட முடிவிலா, ஒரு முறை குறைந்தால் மீட்க அவகாசம் உண்டா, மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றினால் பணம் தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு செமஸ்டர் வரைதான் என்ற வரம்பு இருந்தால், இடையில் வேலைப் பயிற்சிக்குப் போகும் செமஸ்டர் அதில் சேருமா என்றும் கேளுங்கள்.

ட்யூஷன், கட்டாயக் கட்டணம், பாடப்புத்தகம் ஆகியவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வருமான வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு வரி உண்டு. முழுச் செலவும் தரும் ஸ்காலர்ஷிப் கிடைத்தவர்களுக்கு இது மறு வருடம்தான் உறைக்கிறது. கல்லூரிச் செலவுக்கான 529 சேமிப்புக் கணக்கில் பணம் போட்டவர்கள், ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கு 10 சதவீத அபராதம் இல்லாமல் எடுக்கலாம். வளர்ச்சிப் பகுதிக்கு வரி மட்டும் கட்ட வேண்டும்.

வந்த தொகை போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்பதில் தவறே இல்லை. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் கேட்டுவிட வேண்டும், சேரும் கல்லூரிக்கு டெபாசிட் கட்ட வழக்கமான கடைசித் தேதியான மே 1 நெருங்க நெருங்கப் பணம் கரைந்துவிடும். ஒத்த தரமுள்ள இன்னொரு கல்லூரியின் கடிதமும், விண்ணப்பித்த பிறகு வந்த மதிப்பெண்களும் பேசும். "எங்களுக்குக் கஷ்டம்" என்ற பொதுவான வரி பேசாது. இரண்டு கல்லூரிகளில் டெபாசிட் கட்டி வைப்பது மட்டும் வேண்டாம். அது இன்னொரு பிள்ளையின் இடத்தை அடைத்து வைப்பது, தெரிந்தால் இரண்டு இடமும் போகலாம். ஹானர்ஸ் முடிவு மே 1-க்குள் வராது என்று தெரிந்தால், டெபாசிட் தேதியை ஒரு வாரம் தள்ள முடியுமா என்று அட்மிஷன் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். சம்மதித்தால் அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.