பால் பல் சந்தும் கடைவாய்ச் சொத்தையும்

நாலு வயதுக் குழந்தையின் முன்பற்களுக்கு நடுவே சந்து சந்தாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். மேலே புதிதாக முளைக்கும் நான்கு நிலையான முன்பற்களின் மொத்த அகலம், விழுகிற நான்கு பால் பற்களைவிட ஏறக்குறைய 7 மி.மீ. அதிகம். கீழ்த்தாடையில் சுமார் 6 மி.மீ. அந்தக் கூடுதல் இடத்தில் ஒரு பங்கை இந்தச் சந்துகள்தான் தருகின்றன; மீதி தாடை வளர்வதாலும், புதுப் பற்கள் சற்று முன்தள்ளி முளைப்பதாலும் கிடைக்கிறது. பால் பற்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால், பிறகு தெத்துப்பல் வர வாய்ப்பு கூடுதல். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடாமல், ஆறேழு வயதில் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏழெட்டு வயதில் மேல் முன்பற்கள் இரண்டும் விசிறிபோல விரிந்து, நடுவில் சந்தோடு முளைக்கும். எலும்புக்குள் இறங்கி வரும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேர்களை நெருக்குவதால் ஏற்படுவது இது. 11, 12 வயதில் கோரைப்பல் வெளியே வந்ததும், 2 மி.மீ. வரையான சந்து பெரும்பாலும் தானே மூடிவிடும். அதற்குள் அவசரப்பட்டு வீட்டில் ரப்பர் பேண்ட் மாட்டவே மாட்டாதீர்கள். பல் வேரை நோக்கி மேலே போகப்போகக் குறுகும். ரப்பர் ஈறுக்குள் நழுவி, கண்ணுக்குத் தெரியாமல் வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரித்துவிடும். நல்ல முன்பற்களே ஆடி விழுந்துவிடக்கூடும்.

சந்து 2 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஒரு பக்கப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் மறுபக்கம் வராவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடுவில் ஒரு உபரிப் பல் புதைந்திருக்கலாம். பக்கத்துப் பல்லுக்கு மொட்டே இல்லாமல் இருக்கலாம். மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் தசைநார் தடித்திருப்பதும் உண்டு. அதை முன்கூட்டியே வெட்டினால் ஏற்படும் தழும்பே சந்து மூடுவதைத் தடுக்கக்கூடும். அதனால் பொதுவாகக் கோரைப்பல் வரும்வரை பொறுத்து, கிளிப் போட்டு மூடிய பிறகு வெட்டுவார்கள்.

உண்மையில் பதற வேண்டிய சந்து வேறு. சொத்தையான கடைவாய்ப் பால் பல்லை "எப்படியும் விழப்போவதுதானே" என்று ஆறேழு வயதில் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை அப்படியே விடுகிறோமே, அது. அந்தப் பல் 10, 12 வயதுவரை நிற்க வேண்டியது. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. பால் பல் என்று நினைத்து இதையே சொத்தையாக விடும் வீடுகள் அதிகம். முன்னால் இடம் காலியானால் இந்தப் பல் சில மாதங்களிலேயே நகர்ந்து வந்துவிடும். அடியில் காத்திருக்கும் பல்லுக்கு வழியில்லாமல் போகும்.

ஆகவே முடிந்தவரை அடைத்தோ, வேர் சிகிச்சை செய்து உறை போட்டோ பால் பல்லைக் காப்பாற்றுங்கள். பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், இடம் காக்கும் கருவி வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள். காலி இடத்துக்குப் பின்னாலுள்ள பல்லில் ஒரு உலோக வளையம், அதிலிருந்து முன்னாலுள்ள பல்லைத் தொடும் கம்பி வளைவு, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். சிமெண்ட் கரைந்து தளர்ந்தால் வளையத்துக்கு அடியிலேயே சொத்தை பிடிக்கும். அடியிலுள்ள பல் தலைகாட்டியதும் கழற்றிவிடலாம்.

சந்துள்ள முன்பற்களைப் பிரஷ் நன்றாகச் சுத்தம் செய்துவிடும். ஒட்டி நிற்கும் கடைவாய்ப் பால் பற்களுக்கு நடுவேதான் சொத்தை ஒளிந்திருக்கும். அங்கே தினமும் இரவில் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் (ஃப்ளாஸ்) விட்டு எடுங்கள். ஃப்ளோரைடு பேஸ்ட் 3 வயதுவரை அரிசியளவு, 6 வயதுவரை பட்டாணியளவு போதும். தேய்த்ததும் துப்பட்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், பேஸ்ட் பல்லில் இருக்கும் நேரம்தான் பலன். பால் புட்டியோடு தூங்கவைப்பதை முதல் பல் வந்ததுமே நிறுத்துங்கள். ஏழெட்டு வயதுவரை பிரஷ் உங்கள் கையில் இருக்கட்டும்.