முதல் மூன்று நாள்

கொரோனா காலத்தில் ஷிப்ட் தொடங்குமுன் கேட்டில் நின்று ஒவ்வொருவர் நெற்றிக்கும் வெப்பமானியை நீட்டுவது என் வேலை. பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர் என்பதால் வருகைப் பதிவேடும் என்னிடம்தான். ஒரு நாள் காலை வரிசையில் நின்ற அக்கா ஒருவருக்குக் கண் சிவந்திருந்தது, குரல் கம்மியிருந்தது. வெப்பமானி சரியான அளவைக் காட்டியதால் உள்ளே விட்டேன். மதியம் பார்த்தால் மேசையில் தலை சாய்த்துக் கிடக்கிறார். "மாத்திரை போட்டுக்கிட்டுதான் சார் வந்தேன். வீட்டுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க" என்றார்.

அனுப்பினேன். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'சம்பளமில்லா விடுப்பு' என்று எழுதினேன்.

அவர் ஒப்பந்தத் தொழிலாளர். அவருக்கு மருத்துவ விடுப்பே கிடையாது. நிரந்தரத் தொழிலாளர்களுக்கு இருந்தது, ஆனால் முதல் மூன்று நாளுக்குச் சம்பளம் வராது. நாலாவது நாளிலிருந்துதான், அதுவும் மருத்துவச் சான்று கொடுத்தால். சின்னத் தலைவலிக்கெல்லாம் ஆள் வராமல் போய்விடக் கூடாது என்று வைத்த விதி. எங்கள் நிர்வாகம் கண்டுபிடித்ததும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 102-ஆம் எண் கொண்டது, நோய்க்கால உதவித்தொகையில் முதல் மூன்று நாளை விட்டுவிட இடம் தருகிறது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு தருவதற்காக எழுதப்பட்ட உடன்படிக்கை அது.

இந்த நோயோ அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். தொண்டை கரகரத்து உடம்பு லேசாக வலிக்கும் அந்தத் தொடக்க நாள்களில்தான் அதிகமாகப் பரவும். எந்த மூன்று நாள் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டுமோ, அந்த மூன்று நாளுக்குத்தான் எங்கள் விதி காசு தர மறுத்தது. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில் அந்தக் காசு இல்லாமல் என்ன செய்வார்கள்? பாரசிட்டமால் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வருவார்கள். அவர்களைப் பொய் சொல்லிகள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பிரிட்டன் 2020 மார்ச்சில் இந்த மூன்று காத்திருப்பு நாள்களைக் கொரோனாவுக்காக நீக்கியது. மார்ச் 13 முதலே பொருந்தும் என்று முன்தேதியிட்டும் கொடுத்தது. இரண்டே ஆண்டில், 2022 மார்ச்சில், பழைய விதி திரும்பிவிட்டது.

எங்கள் பிரிவில் இன்னொருவர் மனைவிக்குத் தொற்று வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. பள்ளிக்கூடம் மூடிக் கெடக்கு, பிள்ளைய யார் பாத்துக்கிறது?" என்று கேட்டார். விடுப்புப் படிவத்தைப் புரட்டினேன். தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பு முழுவதையும் கரைத்தார், பிறகு சம்பளத்தை இழந்தார். அமெரிக்காவில் 2020 ஏப்ரல் 1 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் நடைமுறையில் இருந்தது. பள்ளி மூடியதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் பன்னிரண்டு வாரம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், மூன்றில் இரண்டு பங்கு சம்பளம். முதலாளிக்கு ஆகும் செலவை அரசு வரியில் ஈடுகட்டியது. ஆனால் தனியாரில் 500 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தியது. ஆண்டு முடிந்ததும் அந்தக் கட்டாயமும் முடிந்தது.

எங்கள் வரிசையில் பாதிப் பேர் படுத்த பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே சம்பளம், சான்று பிறகு தந்தால் போதும் என்று சர்க்குலர் வந்தது. மறுநாள் காலை நான் வெப்பமானியை எடுக்குமுன்னே மூன்று பேர் வரிசையை விட்டுத் தள்ளி நின்றார்கள். "ராத்திரியிலிருந்து உடம்பு சரியில்ல சார்" என்று அவர்களாகவே சொன்னார்கள். அத்தனை வாரத்தில் ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

அந்த அக்காவுக்கும் போன சம்பளத்தைக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டேன். சர்க்குலர் தேதிக்கு முந்தியது செல்லாது என்று பதில் வந்தது. பதிவேட்டில் அந்த வரி என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது.