உயிரோடு ஒரு பிணம்

எறும்புக் கூட்டத்தில் ஒன்று செத்தால் மற்றவை உடனே கண்டுகொள்வதில்லை. ஓரிரு நாள் அப்படியே கிடக்கும். உடல் சிதைந்து ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் ஊறி, அந்த வாசனை உணர்கொம்பில் பட்ட பிறகுதான் அது பிணம். தூக்கிப்போய்க் குப்பைமேட்டில் போட்டுவிடும்.

1950களில் எறும்பு ஆராய்ச்சியாளர் எட்வர்ட் வில்சன் அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பின் மேலேயே தடவிப் பார்த்தார். அது கால்களை உதறித் திமிறியும் மற்றவை விடவில்லை, குப்பைமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயின. திரும்பி வந்தால் மறுபடியும் அதே கதி! தன்னைச் சுத்தம் செய்து வாடை போன பிறகுதான் கூட்டில் இடம் கிடைத்தது. எனக்கு மனசே ஆறவில்லை. ஆனால் கூட்டுக்குள் கும்மிருட்டு, கண்ணை நம்பி என்ன செய்ய?

நாம் ஈரத்துணியால் துடைத்ததும் எறும்புகள் திக்குத் தெரியாமல் அலைவதும், அவை தரையில் போட்டுவைத்த வாசனைக்கோடு அழிந்துபோவதால்தான். பாவம்.