ஒரே தேதியில் சேர்ந்த 122 பேர்

ஏப்ரல் மாதம் எங்கள் அலுவலகத்தில் யாரும் லீவு கேட்க மாட்டார்கள். மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும் கம்பெனிகள், தொழிலாளர்களுக்குத் தர வேண்டிய கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது பணிக்காலத்துக்காகத் தரும் தொகை, எவ்வளவு என்று ஆக்சுவரியின் அறிக்கை வாங்கி ஆடிட்டரிடம் கொடுக்கும் நேரம் அது. வருங்காலத்தில் தர வேண்டிய பணத்துக்கு இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்கிடுபவர்தான் ஆக்சுவரி. 2019-இல் நான் ஆக்சுவரி பரீட்சைகள் எழுதிக்கொண்டே சென்னையில் ஒரு சீனியரிடம் வேலை பார்த்தேன். எக்செல் வேலை முழுக்க என் பொறுப்பு, கையெழுத்துப் போடுவது அவர்.

கோவைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து 310 பேரின் பட்டியல் வந்தது. சம்பளம் எங்கும் சைபர் இல்லை, ஒரே பணியாளர் எண் இரண்டு முறை வரவில்லை, 58 வயதைத் தாண்டியவர் யாரும் இல்லை. மாடலில் ஏற்றினேன், தொகையும் வந்துவிட்டது. சார் பட்டியலை பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார். எதையும் பேப்பரில்தான் பார்ப்பார். ஒரு வரியில் பென்சிலை வைத்து, "இவரைப் பாரும்மா" என்றார்.

ஃபிட்டர். பிறந்தது 1968 ஜனவரி. வேலையில் சேர்ந்தது 01-04-2011.

"நாப்பத்திமூணு வயசுல ஒரு ஃபிட்டரைப் புதுசா யாரு வேலைக்கு எடுப்பாங்க?"

திரும்பி வந்து ஃபில்டர் போட்டேன். அதே தேதியில் 122 பேர் சேர்ந்திருந்தார்கள். கம்பெனியிடம் முந்தைய வருட அறிக்கையைக் கேட்டு வாங்கினோம். அதில் சராசரிப் பணிக்காலம் எங்கள் பட்டியலில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. 2011-இல் அந்த யூனிட்டைத் தனிக் கம்பெனியாகப் பிரித்திருக்கிறார்கள். பழைய சர்வீசும் தொடரும் என்று தொழிலாளர்களுக்கு அப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பட்டியல் வந்த வருடம் மாற்றிய சம்பள சாஃப்ட்வேரில் மட்டும் அந்தப் பழைய ஆட்கள் எல்லோருக்கும் புதுக் கம்பெனி தொடங்கிய தேதி ஏறிவிட்டது.

அந்த ஃபிட்டருக்கு மாதச் சம்பளம் 26,000 ரூபாய். அப்போது இருந்த 1972-ஆம் வருட கிராஜுவிட்டி சட்டப்படி அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால், வருடத்துக்கு 15,000. பட்டியலை நம்பினால் 8 வருடம், 1,20,000 ரூபாய். அவர் உண்மையில் சேர்ந்தது 17-06-1991. 27 வருடமும் ஒன்பது மாதமும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடம் என்பதால் 28. ஆக 4,20,000. சட்டப்படி அவருக்கு வர வேண்டியது நம் தவறால் குறையாதுதான். ஆனால் ஒதுக்கியே வைக்காத பணத்தை அவர் ஓய்வு பெறும் நாளில் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்?

அன்று சார் சொன்னது: "நாம ஆடிட்டர் இல்ல. ஒவ்வொருத்தர் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் வாங்கிப் பார்க்க வேண்டியதில்ல. ஆனா வந்த டேட்டா நியாயமா இருக்கான்னு பார்க்காம கணக்குப் போடக் கூடாது. எதைப் பார்த்தோம், எதைக் கம்பெனி சொன்னபடி எடுத்துக்கிட்டோம், எதுல சந்தேகம் இருந்துச்சு, மூணையும் அறிக்கையில எழுதணும்." அமெரிக்க ஆக்சுவரிகளுக்கு டேட்டாவின் தரத்துக்கென்றே 23-ஆம் எண்ணில் தனி ஸ்டாண்டர்ட் இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த விஷயம்தான். ஒரு மனிதரின் இருபது வருட உழைப்பு அதற்குள் இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது.

தேதிகளைத் திருத்தியதும் தொகை எகிறியது. எதிர்பார்த்தபடி ஃபைனான்ஸ் மேனேஜரிடமிருந்து போன். "டிஸ்கவுண்ட் ரேட்டை ஒரு பர்சன்ட் ஏத்தி, இன்கிரிமென்ட்டைக் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க சார். கணக்கு சரியாயிடும்." வருங்காலத்தில் தர வேண்டிய பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் வட்டி விகிதம்தான் டிஸ்கவுண்ட் ரேட். அதை ஏற்றினாலும் சம்பள உயர்வைக் குறைத்தாலும் தொகை இறங்கிவிடும். சார் குரலை உயர்த்தவில்லை. டிஸ்கவுண்ட் ரேட் நாம் வைப்பது இல்லை, மார்ச் 31 அன்று அரசுக் கடன் பத்திரங்கள் சந்தையில் என்ன வருமானம் தந்தனவோ அதுதான் என்றார். சம்பள உயர்வுக்கு, தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்படி யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தின் நகலை அனுப்பச் சொன்னார். ஒப்பந்தம் வந்தது, அதிலிருந்த உயர்வு நாங்கள் வைத்திருந்ததை விடச் சற்று அதிகமாகவே இருந்தது. அனுமானங்கள் எந்தப் பக்கமும் சாயக் கூடாது, ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்கிறது கணக்கியல் விதி. அந்த வரி கையில் இருந்ததால், 'இது என் பிடிவாதம் இல்லை' என்று சாரால் சொல்ல முடிந்தது. விதி எழுதப்படாமல் இருந்திருந்தால் அந்த போன் வெறும் பேரமாகியிருக்கும்.

2006-ஆம் வருட ஆக்சுவரீஸ் சட்டம் வந்த பிறகு, இங்கே தொழில் செய்யச் சான்றிதழ் வேண்டும். நடத்தை தவறினால் ஒழுங்கு நடவடிக்கையும் உண்டு. அந்தப் பயம் இருப்பது நல்லதுதான். ஆனால் சாரை அன்று அந்த வரியில் பென்சிலை நிறுத்த வைத்தது பயம் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது கையெழுத்துப் போடுவது நான். என் அறிக்கைகளில் டேட்டாவைப் பற்றிய பத்திதான் நீளமானது. கம்பெனிக்காரர்கள் படிப்பதில்லை என்று என்னிடம் வேலை பார்க்கும் பையன் போன ஏப்ரலில் அதை ஒரே வரியாகச் சுருக்கியிருந்தான். அவனை உட்காரவைத்து, முழுப் பத்தியையும் திரும்ப எழுதச் சொன்னேன். பிறகு பட்டியலை பிரிண்ட் எடுத்து வரச் சொல்லி, பென்சிலை அவன் கையில் கொடுத்தேன்.