ஈயம் உருக்கும் முன்

இங்கே டெக்சாஸில் இலக்குச் சுடுதலில் இறங்கியிருக்கும் நண்பர்கள் சிலர், வீட்டிலேயே ஈயக் குண்டு வார்க்க எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். அச்சு, உலை எல்லாம் அப்புறம். முதலில் தண்ணீரைத் தள்ளி வையுங்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குள் ஒரு சொட்டு நீர் மாட்டினாலும் நொடியில் ஆவியாகி, கொதிக்கும் ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஈரக் கட்டியை உள்ளே போடவே கூடாது. கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கால் சட்டை கட்டாயம்.

ஈயத்துக்குப் பழைய வீல் பேலன்சிங் கட்டிகள் (கார் சக்கரத்தின் எடையைச் சமப்படுத்தப் பொருத்துபவை) மலிவுதான். ஆனால் இப்போது அவற்றுக்கிடையே துத்தநாகக் கட்டிகளும் வருகின்றன. அது உருக 419 டிகிரி வேண்டும். சூட்டை அடக்கி வைத்தால் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். வார்த்த குண்டில் சுருக்கம் விழுந்தால் பெரும்பாலும் அச்சு இன்னும் சூடேறவில்லை. பனி படர்ந்தாற்போல் வெளுத்திருந்தால் சூடு அதிகம்.

சமையலறை வேண்டவே வேண்டாம், காற்றோட்டமான வெளியிடம்தான் சரி. வழித்தெடுக்கும் கசடில் ஈயத்தூசி நிறைய இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் அந்த உடையோடு உள்ளே போய்த் தூக்கிக் கொஞ்சாதீர்கள், தயவுசெய்து.

ஊரில் இருப்பவர்களுக்கு: இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.